போன் டப்பாவில் இல்லாத தேதி

‘இந்த ஆப் உங்கள் போனில் இயங்காது.’ நம் வயதுக்காரர்களில் பலர் இந்த வரியை இப்போது அடிக்கடி பார்க்கிறார்கள். போன் நன்றாகத்தான் இருக்கிறது. கண்ணாடி உடையவில்லை. பேட்டரி ஒரு நாள் தாங்குகிறது. எதிர்முனையில் பேசுகிறவர் குரல் தெளிவாகக் கேட்கிறது. ஆனாலும் ஒரு நாள் பேங்க் ஆப் திறக்க மறுக்கிறது. இன்னொரு நாள் வாட்ஸ்அப், இந்தத் தேதிக்குப் பிறகு வேலை செய்ய மாட்டேன் என்று நாள் குறித்துச் சொல்கிறது. வெளியூரில் இருக்கும் மகளோ மகனோ, "அப்டேட் பண்ணுங்கப்பா, சரியாயிடும்" என்கிறார்கள். நாமும் செட்டிங்ஸுக்குள் போய் அந்த இடத்தைத் தட்டிப் பார்க்கிறோம். ‘உங்கள் போன் புதுப்பித்த நிலையில் உள்ளது’ என்று பதில் வருகிறது. கடைசி அப்டேட் வந்து மூன்று வருடம் ஆகியிருக்கும். இனிமேல் வருவதற்கு எதுவும் இல்லை என்பதைத்தான் அந்தப் போன் அவ்வளவு மரியாதையாகச் சொல்கிறது.

வத்திராயிருப்பில் காலை நடைக்கு வரும் எங்கள் கூட்டத்தில் இந்தப் பேச்சு வராத வாரம் இல்லை. "எல்லாம் புது போன் விக்கிற தந்திரம்" என்பார் ஒருவர். "நமக்கு வயசாகுற மாதிரி போனுக்கும் வயசாகும்ல" என்பார் இன்னொருவர். "உள்ள எடம் இருக்காது, அந்த குட்மார்னிங் படத்தையெல்லாம் மொதல்ல அழிங்க" என்பார் மூன்றாமவர். மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை உண்டு. மூன்றையும் கூட்டினாலும் முழுக் காரணம் வராது. கொஞ்ச நாளாக இதைப் பற்றிப் படித்தும், விவரம் தெரிந்த பிள்ளைகளிடம் கேட்டும் நான் புரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். நம் ஓய்வூதியமும் சேமிப்பும் இந்தப் போனுக்குள் போய்விட்டதால் இது நமக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

முதலில், அப்டேட் என்று நாம் ஒரே பெயரில் சொல்வது மூன்று வேறு வேறு சங்கதிகள். ஒன்று, வருடத்துக்கு ஒருமுறை வரும் பெரிய பதிப்பு. ஆண்ட்ராய்டு 12, 13, 14 என்று எண் ஏறிக்கொண்டே போகுமே, அது. வீட்டை மராமத்து பார்த்து, புதிதாக ஓர் அறை எடுத்துக் கட்டுவது போல. இரண்டாவது, பாதுகாப்பு அப்டேட். செக்யூரிட்டி பேட்ச் என்பார்கள். வாசல் பூட்டில் ஒரு கோளாறு கண்டுபிடித்தால் உடனே ஆளைக் கூப்பிட்டுச் சரிசெய்வது போல. மூன்றாவது, வாட்ஸ்அப், பேங்க் ஆப் போன்றவை பிளே ஸ்டோர் வழியாகத் தங்களைத் தாங்களே புதுப்பித்துக்கொள்வது. முதலாவது வராவிட்டால் பெரிய நஷ்டம் இல்லை. புது அறை இல்லாமலும் வீட்டில் குடியிருக்கலாம். இரண்டாவது வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். அது நின்று சில வருடம் கழித்து மூன்றாவதும் ஒவ்வொன்றாக நிற்கத் தொடங்கும்.

அந்த இரண்டாவது வகை மாதாமாதம் வரத் தொடங்கியதற்கு ஒரு கதை உண்டு. ஆண்ட்ராய்டில் ‘ஸ்டேஜ்ஃப்ரைட்’ என்ற ஓட்டை இருப்பது 2015 ஜூலையில் வெளியே தெரிந்தது. படம், வீடியோவைத் திறக்கும் பகுதியில் இருந்த கோளாறு அது. வேண்டாத ஒருவன் ஒரு வீடியோ மெசேஜ் அனுப்பினால் போதும், நாம் அதைத் திறக்காவிட்டாலும் சில போன்களுக்குள் அவன் நுழைந்துவிட முடியும். 95 கோடி போன்கள் வரை பாதிக்கப்படலாம் என்று கண்டுபிடித்தவர்கள் சொன்னார்கள். கூகுள் சில வாரங்களில் மருந்தைத் தயாரித்துவிட்டது. ஆனால் அந்த மருந்து அத்தனை கோடிப் போன்களுக்கும் போய்ச் சேரவில்லை. அந்த ஆகஸ்ட் மாதத்திலிருந்து கூகுள் மாதம் ஒருமுறை பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடத் தொடங்கியது. மருந்து தயாரிப்பது ஒரு வேலை, அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேறு வேலை என்பது அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தது.

ஏன் சேரவில்லை? நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். 2025-ல் கூமாப்பட்டி ரீல்ஸ் பார்த்து, பிளவக்கல் அணையைத் தேடிக்கொண்டு எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்தார்கள். வந்தவர்கள் பார்த்தது தண்ணீரையும் மலையையும். அந்தத் தண்ணீர் எப்படி வயலுக்கு வருகிறது என்பது நமக்குத்தான் தெரியும். அணையில் ஷட்டர் திறந்த உடனே கடைசி வயலில் ஈரம் ஏறிவிடாது. ஆற்றில் வந்து, கால்வாயில் திரும்பி, ஒரு கண்மாய் நிறைந்து, அது மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போய், மடை திறந்து, வாய்க்கால் வழியாக வரப்புக்கு வர வேண்டும். நடுவில் ஒரு மடை திறக்காவிட்டாலும் சரி, ஒரு வாய்க்கால் தூர்ந்து போயிருந்தாலும் சரி, அதற்குக் கீழே உள்ளவனுக்குத் தண்ணீர் இல்லை. அணையில் தண்ணீர் நிறைந்து கிடந்தாலும் கடைமடைக்காரன் வானத்தைத்தான் பார்க்க வேண்டும்.

அப்டேட்டும் இப்படித்தான் வருகிறது. அணை இருப்பது கூகுளிடம். ஆண்ட்ராய்டு அங்கே தயாராகிறது. அடுத்த மடை, போனுக்குள் இருக்கும் சிப் செய்கிற நிறுவனம். நம் போன்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது அமெரிக்காவின் குவால்காம் அல்லது தைவானின் மீடியாடெக் சிப்தான். புது ஆண்ட்ராய்டு அந்தச் சிப்போடும், கேமராவோடும், சிக்னல் பிடிக்கிற பாகத்தோடும் பேச வேண்டும் என்றால், அதற்கான மென்பொருளைச் சிப் நிறுவனம் புதிதாக எழுதித் தர வேண்டும். அதற்குப் பிறகு போன் நிறுவனத்தின் முறை. ஒவ்வொரு நிறுவனமும் ஆண்ட்ராய்டை அப்படியே கொடுப்பதில்லை. தன் நிறம், தன் கேமரா, தன் ஆப் என்று அலங்காரம் செய்துதான் கொடுக்கும். அந்த அலங்காரத்தையெல்லாம் புதுப் பதிப்பின்மேல் மறுபடி பொருத்த வேண்டும். பிறகு சோதனை. அழைப்பு வருகிறதா, புளூடூத் வேலை செய்கிறதா, பேட்டரி வடிகிறதா என்று ஒவ்வொரு மாடலாகப் பார்க்க வேண்டும். அமெரிக்கா போன்ற நாடுகளில் தொலைபேசி நிறுவனங்களும் தங்கள் பங்குக்கு ஒரு சோதனை வைக்கின்றன.

எல்லாம் முடிந்தாலும் ஒரே நாளில் எல்லோருக்கும் திறந்துவிட மாட்டார்கள். முதலில் நூற்றில் சில பேருக்கு அனுப்பி, கோளாறு ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகே மற்றவர்களுக்கு விடுவார்கள். ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே மாடல் வாங்கிய இரண்டு பேரில் ஒருவருக்கு முன்னாலேயே வந்து, மற்றவருக்கு இரண்டு வாரம் கழித்து வருவது இதனால்தான். இதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. முறைத் தண்ணீர் மாதிரி, நம் முறை வரும்.

தாமதத்துக்குக் காரணம் இது. வராமலே போவதற்குக் காரணம் வேறு. அது பணம்.

போன் நிறுவனத்துக்கு நாம் காசு கொடுப்பது ஒரே ஒரு முறை, வாங்குகிற அன்றைக்கு. அப்டேட்டுக்கென்று யாரும் காசு கொடுப்பதில்லை. ஆனால் அப்டேட் கொடுக்க வேண்டும் என்றால் இன்ஜினியர்களுக்கு மாதாமாதம் சம்பளம் கொடுக்க வேண்டும். விலை குறைந்த போனில் லாபமும் குறைவு. சியோமி நிறுவனர் லெய் ஜுன் 2018 ஏப்ரலில், போன் முதலான சாதனங்களில் தங்கள் நிகர லாபம் 5 சதவிகிதத்தைத் தாண்டாது என்று பகிரங்கமாக அறிவித்தார். அந்தக் கணக்கில் 7,000 ரூபாய் போனுக்கு 350 ரூபாய்தான் மிஞ்சும். அந்த 350 ரூபாயில் ஐந்து வருடம் ஒருவர் நம் போனைப் பராமரிக்க வேண்டும் என்றால் எந்த முதலாளியும் யோசிப்பார். அதிலும் ஒரு நிறுவனம் வருடத்துக்கு இரண்டு மாடலா விடுகிறது? ஏ, ஒய், எம், நோட், பிளஸ், ப்ரோ என்று வரிசையாக விடுகிறது. ஒவ்வொன்றும் தனி வயல். ஒவ்வொன்றுக்கும் தனியாக வாய்க்கால் வெட்ட வேண்டும்.

சிப் நிறுவனத்துக்கும் இதே கணக்குதான். பழைய சிப்புக்கு மென்பொருள் எழுதினால் அதற்கு வருமானம் இல்லை. புதுச் சிப் விற்றால் வருமானம். எனவே சில வருடத்தில் அந்த மடையை அடைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு போன் நிறுவனம் நினைத்தாலும் ஒன்றும் நடக்காது என்று பொதுவாகச் சொல்வார்கள். பெரும்பாலும் அது உண்மை. ஒரு விதிவிலக்கு உண்டு. நெதர்லாந்தில் ஃபேர்போன் என்று ஒரு சின்ன நிறுவனம். போனை நீண்ட காலம் வைத்திருக்க வேண்டும் என்பதே அவர்கள் கொள்கை. 2015-ல் அவர்கள் விட்ட ‘ஃபேர்போன் 2’ போனில் குவால்காமின் ஸ்னாப்டிராகன் 801 சிப் இருந்தது. ஆண்ட்ராய்டு 7 வந்தபோது அந்தச் சிப்புக்கு உதவி செய்வதை குவால்காம் நிறுத்திவிட்டது. ஃபேர்போன்காரர்கள் விடவில்லை. உலகெங்கும் ஆர்வத்துக்காக இந்த வேலை செய்யும் தன்னார்வலர்களின் உழைப்பையும் சேர்த்துக்கொண்டு, தாங்களே வாய்க்கால் வெட்டி 7, 9, 10 என்று கொண்டுபோனார்கள். 2023 மார்ச் வரை அந்தப் போனுக்கு அப்டேட் கிடைத்தது. முடியாத காரியம் இல்லை, செலவு பிடிக்கிற காரியம் என்பதை அந்தச் சின்ன நிறுவனம் காட்டிவிட்டது.

ஆப்பிள் ஐபோன் விஷயம் வேறு. அங்கே சிப்பை வடிவமைப்பதும், மென்பொருள் எழுதுவதும், போன் விற்பதும் ஒரே கம்பெனி. சொந்தக் கிணறு வைத்துப் பாய்ச்சுகிற மாதிரி. யார் மடையும் திறக்கக் காத்திருக்க வேண்டாம். 2013-ல் வந்த ஐபோன் 5எஸ் போனுக்கு 2023 ஜனவரியில்கூட ஒரு பாதுகாப்புத் திருத்தம் வந்தது. ஆனால் கிணறு வெட்ட ஆகிற செலவு அந்தப் போனின் விலையிலேயே இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அந்த விலை கொடுப்போம்?

விலை குறைந்த போனுக்கும் நேரடியாக வாய்க்கால் வெட்டிப் பார்க்கலாம் என்று ஒரு முயற்சி நடந்தது. நடந்தது நம் நாட்டில்தான். 2014 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் ‘ஆண்ட்ராய்டு ஒன்’ என்ற திட்டத்தைத் தொடங்கிவைத்தவர் சுந்தர் பிச்சை. அப்போது அவர் கூகுளில் ஆண்ட்ராய்டு பிரிவின் தலைவர். அடுத்த வருடமே முழு நிறுவனத்துக்கும் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். நம் பக்கத்து மதுரையில் பிறந்தவர் என்பதால் அன்றைக்குப் பேப்பரில் அந்தச் செய்தியைப் பெருமையாகப் படித்தவர்கள் நம்மில் பலர் இருப்பார்கள்.

திட்டம் இதுதான். மைக்ரோமேக்ஸ், கார்பன், ஸ்பைஸ் என்று மூன்று இந்திய நிறுவனங்கள். மூன்றின் போனுக்குள்ளும் ஒரே மீடியாடெக் சிப், ஏறக்குறைய ஒரே பாகங்கள். விலை 6,399 ரூபாயிலிருந்து. அலங்காரம் எதுவும் கிடையாது. எல்லாப் போனும் ஒரே மாதிரி இருப்பதால் கூகுளே அப்டேட்டை நேரடியாக அனுப்பும், இரண்டு வருடம் வரை. ஏழை வீட்டுப் போனுக்கும் பணக்கார வீட்டுப் போனுக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது!

சொன்னபடி அந்தப் போன்களுக்கு ஆண்ட்ராய்டு 5.1 வந்தது, 6.0 வந்தது. விலையுயர்ந்த பல போன்களுக்கு அப்போது அது வந்திருக்கவில்லை. வாக்கைக் காப்பாற்றினார்கள் என்றே சொல்ல வேண்டும். ஆனால் வாக்கு இரண்டு வருடத்துக்குத்தான். அதற்குப் பிறகு அந்தப் போன்கள் 6.0-லேயே நின்றுவிட்டன. இதற்கிடையில் சீன நிறுவனங்கள் வந்து சந்தையைப் பிடித்தன. ஆண்ட்ராய்டு ஒன் என்ற பெயர் பிறகு நோக்கியா, சியோமி என்று வேறு சில கம்பெனிகளின் போன்களில் கொஞ்ச காலம் இருந்தது; அதுவும் மெல்ல மறைந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒரு பொருத்தம். அதே 2014-ல், நவம்பர் 10 அன்று, ஓய்வூதியர்களுக்கான ‘ஜீவன் பிரமாண்’ டிஜிட்டல் உயிர்வாழ் சான்று திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. 2021 நவம்பரில் அதிலேயே முகத்தைக் காட்டிச் சான்று பெறும் வசதி வந்தது. வீட்டில் உட்கார்ந்தபடி போன் கேமராவைப் பார்த்துக் கண்ணை இமைத்தால் போதும். யாருக்காக வந்த வசதி? நடக்க முடியாத, கைரேகை தேய்ந்துபோன முதியவர்களுக்காக. ஆனால் ஆண்ட்ராய்டு 6-ல் நின்றுவிட்ட போனில் அது நடக்காது.

தபால் துறையில் ஓய்வு பெற்ற என் நண்பர் ஒருவருக்கு இதுதான் ஆயிற்று. எழுபத்தெட்டு வயது. விரல் ரேகை தேய்ந்துவிட்டது, மிஷின் சில சமயம் பிடிக்கும், சில சமயம் பிடிக்காது. முகம் காட்டினால் போதும் என்று கேள்விப்பட்டதும் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். போனில் அந்த ஆப்பைத் தேடினால் கிடைக்கவே இல்லை. பஜாரில் போன் கடை வைத்திருக்கும் பையனிடம் இருவரும் போனோம். அவன் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். "சார், போன்ல குறை ஒண்ணும் இல்ல. இந்த மாடலுக்குக் கம்பெனி அப்டேட்ட நிறுத்தி ரொம்ப நாளாச்சு. நான் என்ன செஞ்சாலும் இது வராது." நண்பர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அண்ணாச்சி, எனக்கு முன்னால இதுக்கு ரிட்டயர்மென்ட் கொடுத்துட்டாங்க. பென்ஷன்தான் இல்ல" என்றார். பிறகு வேறொருவர் போனில் முகம் காட்டிச் சான்று வாங்கினார். காரியம் முடிந்தது. ஆனால் தன் வேலையைத் தானே செய்து பழகிய மனிதர், இன்னொருவர் போனுக்காகக் கை நீட்ட வேண்டி வந்ததே என்று வழியெல்லாம் பேசாமல் வந்தார்.

நம் வீடுகளில் போன் எப்படிக் கைமாறுகிறது என்று யோசித்துப் பாருங்கள். மகன் புது போன் வாங்குவான். அவனுடைய பழையது அப்பாவுக்கு வரும். அப்பாவுடையது அம்மாவுக்குப் போகும். அன்பாகத்தான் கொடுக்கிறார்கள், நாமும் சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொள்கிறோம், ஒரு நல்ல பொருளை வீணாக்கக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அதன் விளைவு என்ன? வீட்டில் உள்ளவற்றிலேயே பழைய போன், வீட்டில் உள்ளவர்களிலேயே வயதானவர் கையில் இருக்கிறது. பணிக்கொடை, வைப்புத்தொகை, மாத ஓய்வூதியம் எல்லாம் சேர்ந்த வங்கிக் கணக்கு இருப்பதும் அதே கையில்தான். பூட்டு பழுதான வீட்டில் கொண்டுபோய் நகைப்பெட்டியை வைத்த மாதிரி.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. மோசடியில் பணம் இழந்தவர்களில் பெரும்பாலோர் போனில் ஓட்டை இருந்து இழக்கவில்லை. பேங்கிலிருந்து பேசுகிறேன், போலீஸிலிருந்து பேசுகிறேன் என்றவனை நம்பி, தாங்களே ஓடிபி சொல்லி இழந்தவர்கள்தான் அதிகம். எந்த அப்டேட்டும் அதைத் தடுக்காது. அப்படி ஏதாவது நடந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள், வெட்கப்பட்டுக்கொண்டு நேரத்தைக் கடத்த வேண்டாம். ஆனால் நம் கவனத்தையும் மீறி உள்ளே வரக்கூடிய ஓட்டைகளும் இருக்கின்றன. அவற்றை அடைப்பது பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான்.

ஆப் நிறுவனங்கள் பழைய போன்களைக் கைவிடுவதும் இதன் தொடர்ச்சிதான். வாட்ஸ்அப் 2023 அக்டோபர் 24-லிருந்து ஆண்ட்ராய்டு 5-க்குக் கீழே உள்ள போன்களில் வேலை செய்வதை நிறுத்தியது. பழைய பதிப்புக்கென்று தனியாக ஆட்களை வைத்துப் பார்த்துக்கொள்ள அவர்களுக்கும் செலவு. அதோடு, புதிய பாதுகாப்பு ஏற்பாடுகள் பழைய பதிப்பில் இல்லாததால், பேங்க் போன்றவர்கள் நம் பணத்துக்குப் பொறுப்பேற்க அஞ்சுகிறார்கள். அவர்கள் பக்கம் பார்த்தால் நியாயமாகத்தான் படுகிறது.

கூகுள் சும்மா இருக்கவில்லை. 2017-ல் ஆண்ட்ராய்டு 8 வந்தபோது, சிப்போடு பேசுகிற பகுதியையும் மற்ற ஆண்ட்ராய்டையும் தனித்தனியாகப் பிரித்துக் கட்டினார்கள். பழைய சிப் மென்பொருளை மாற்றாமலே மேலே உள்ளதை மாற்ற இது வழி செய்தது. 2019-ல் ஆண்ட்ராய்டு 10-லிருந்து, சில முக்கியமான பாதுகாப்புப் பகுதிகளைப் போன் நிறுவனத்துக்காகக் காத்திருக்காமல் பிளே ஸ்டோர் வழியாகவே அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். நிறுவனங்களும் மனம் மாறி வருகின்றன. 2023 அக்டோபரில் கூகுள் தன் பிக்சல் 8 போனுக்கு 7 வருடம் அப்டேட் தருவதாக அறிவித்தது. 2024 ஜனவரியில் சாம்சங் தன் கேலக்ஸி எஸ்24 போனுக்கு அதே 7 வருடம் என்றது. அதே வருடம் வந்த கேலக்ஸி ஏ16 5ஜி என்ற நடுத்தர விலைப் போனுக்கே 6 வருடம் என்றார்கள். 2025 பிப்ரவரியில் குவால்காம், தன் புது உயர்ரகச் சிப்பில் தொடங்கி 8 வருடம் வரை மடையைத் திறந்து வைத்திருப்பதாகக் கூகுளோடு சேர்ந்து சொன்னது. போன வருடமோ இந்த வருடமோ நல்ல போன் வாங்கியவர்கள் நம்மைவிட அதிர்ஷ்டசாலிகள்.

ஆனால் விலை குறைந்த போன்களில் இன்னும் இரண்டு, மூன்று வருடம் என்ற கதைதான் அதிகம். அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அந்த வருடக் கணக்கு பெரும்பாலும் நாம் வாங்கிய நாளிலிருந்து தொடங்குவதில்லை, அந்த மாடல் உலகச் சந்தைக்கு வந்த நாளிலிருந்து தொடங்குகிறது. எங்கள் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் தீபாவளித் தள்ளுபடியில் ஒரு போன் வாங்கினார். சீல் பிரிக்காத புது டப்பா, நல்ல விலை. மாடல் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மூன்று வருட வாக்கில் இரண்டு வருடம் கடை அலமாரியிலேயே கழிந்துவிட்டது. அவருக்குக் கிடைத்தது ஒரே வருடம். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று யாருக்குத்தான் தெரியும்?

இதுதான் என் ஆதங்கம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கினால் பாக்கெட்டில் எத்தனை நாளைக்குள் சாப்பிட வேண்டும் என்று போட்டிருக்கிறது. தட்டில் வைத்துச் சில்லறையாக விற்கும் இனிப்புக்குக்கூட, எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதி வைக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020 அக்டோபர் 1 முதல் விதி கொண்டுவந்தது. மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி இருக்கிறது. கேஸ் சிலிண்டரில் அடுத்த பரிசோதனை எப்போது என்று எழுதியிருக்கிறது. போன் டப்பாவை எடுத்துப் பாருங்கள். விலை இருக்கும். தயாரித்த அல்லது இறக்குமதி செய்த மாதம் இருக்கும். கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று பெரிய எழுத்தில் இருக்கும். பாதுகாப்பு அப்டேட் எந்தத் தேதி வரை வரும் என்பது இருக்காது. நூறு ரூபாய் இனிப்புக்கு இருக்கிற தேதி, பத்தாயிரம் ரூபாய் போனுக்கு இல்லை.

வெளிநாட்டில் இதற்கு வழி செய்திருக்கிறார்கள். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், போன் போன்ற இணையச் சாதனங்களை விற்கிற நிறுவனம், பாதுகாப்பு அப்டேட் குறைந்தபட்சம் எதுவரை தருவோம் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் புதிய விதி: ஒரு மாடலின் கடைசிப் போனைச் சந்தைக்கு அனுப்பிய நாளிலிருந்து குறைந்தது 5 வருடம் அப்டேட் கிடைக்கச் செய்ய வேண்டும். கணக்குத் தொடங்கும் நாளைக் கவனியுங்கள். நம் பக்கத்துத் தெருக்காரர் அங்கே இருந்திருந்தால் அவர் போனுக்கு இன்னும் பல வருடம் தண்ணீர் பாய்ந்திருக்கும். நம் மத்திய நுகர்வோர் துறையும் 2022 டிசம்பரில் ‘பழுது பார்க்கும் உரிமை’க்கென்று ஓர் இணையதளம் தொடங்கியிருக்கிறது. அந்த எண்ணத்தை இன்னும் ஓர் அடி முன்னே கொண்டுபோய், டப்பாவின் மேல் ஒரு தேதியை அச்சடிக்கச் சொன்னால் போதும்.

அதுவரை நாம் என்ன செய்வது? எனக்குத் தெரிந்த சில காரியங்களைச் சொல்கிறேன்.

செட்டிங்ஸில் கடைசியாக ‘போனைப் பற்றி’ என்று ஓர் இடம் இருக்கும். அதற்குள் ஆண்ட்ராய்டு பதிப்பு, செக்யூரிட்டி அப்டேட் என்ற வரிகளில் ஒரு தேதி இருக்கும். இன்றைக்கே பாருங்கள். கடந்த சில மாதத்துக்குள் என்றால் கவலை இல்லை. ஒரு வருடம், இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி என்றால் உங்கள் போன் கடைமடைக்கு வந்துவிட்டது. அதைத் தூக்கி எறிய வேண்டாம். பாட்டு, பஞ்சாங்கம், பேரப்பிள்ளைகளின் படம், பேச்சு எல்லாவற்றுக்கும் அது நன்றாக உழைக்கும். பேங்க் ஆப், யுபிஐ இரண்டை மட்டும் அதிலிருந்து எடுத்துவிடுங்கள். அப்டேட் வருகிற போன் வீட்டில் வேறொன்று இருந்தால் அதில் வையுங்கள். இல்லையென்றால் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு பேங்குக்கே போங்கள், அதில் ஒன்றும் கௌரவக் குறைவு இல்லை.

அப்டேட் வருகிற போனாக இருந்தால், உள்ளே சில ஜிபி இடம் காலியாக வைத்திருங்கள். குட்மார்னிங் படங்களைப் பற்றி அந்த மூன்றாமவர் சொன்னது இங்கே சரி. ‘போனை அப்டேட் செய்ய இதைத் தட்டுங்கள்’ என்று வாட்ஸ்அப்பிலோ எஸ்எம்எஸ்ஸிலோ லிங்க் வந்தால் தொடாதீர்கள். உண்மையான அப்டேட் செட்டிங்ஸிலும் பிளே ஸ்டோரிலும்தான் வரும். கடிதம் எழுதிக் கூப்பிடாது. உயிர்வாழ் சான்றுக்கு முகம் காட்டும் ஆப் வேலை செய்யவில்லை என்றால், அஞ்சல் துறையின் பேமென்ட்ஸ் பேங்க் மூலம் தபால்காரர் வீட்டுக்கே வந்து 70 ரூபாய் கட்டணத்தில் அதைப் பதிந்து கொடுக்கிறார். தபால் நிலையத்தில் சொல்லி வைத்தால் போதும்.

புது போன் வாங்கப் போகும்போது, மகன் வாங்கிக் கொடுத்தாலும் சரி, கேமராவைப் பற்றிக் கேட்பதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். "இந்த மாடல் எப்ப வந்தது? செக்யூரிட்டி அப்டேட் எந்த வருஷம் வரைக்கும் வரும்?" கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால் கம்பெனியின் இணையதளத்தில் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். ஆயிரம் ரூபாய் கூடப் போனாலும் இரண்டு வருடம் கூடுதலாக வரும் போன்தான் முடிவில் மலிவு. சொன்ன வருடத்தை பில்லின் பின்னால் அவர் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சட்டப்படி அது செல்லுமா என்பது ஒருபுறம் இருக்கட்டும். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நம் வத்திராயிருப்பு பஜாரிலும் வருகிற பெரியவர்களெல்லாம் இதையே கேட்கத் தொடங்கினால், கடைக்காரர் விநியோகஸ்தரைக் கேட்பார், அவர் கம்பெனியைக் கேட்பார். கடைமடைக்காரன் சத்தம் போட்ட பிறகுதான் பல வாய்க்கால்கள் தூர் வாரப்பட்டிருக்கின்றன.